பழைய டிராக்டரில் விறகு பிளப்பது: அந்த 18 விநாடி

எண்ணெய்க்கறை:
"பழைய இரும்பு" என்ற பெயரில் இங்கே எழுதுபவர் நேற்று ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, "மாஸே ஃபெர்குசன் 135 டிராக்டர் இருந்தால் அதன் உள் எண்ணெய்ப் பம்பே விறகு பிளக்கும் இயந்திரத்துக்குப் போதும், பிடிஓவில் (வெளி இயந்திரங்களை ஓட்ட டிராக்டரின் பின்னால் சுழலும் ஷாஃப்ட்) தனி பம்பு மாட்டுவது காசைக் கரியாக்கும் வேலை" என்று அடித்துவிட்டுப் போயிருக்கிறார். பாவம், கேட்டவர் நம்பிவிடுவார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்விட்டம் 10 செ.மீ., நீட்டம் 60 செ.மீ. உள்ள சிலிண்டர் நிரம்ப 4.7 லிட்டர் எண்ணெய் வேண்டும். அந்தப் பம்பு நிமிடத்துக்கு 16 லிட்டர் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆப்பு கடைசிவரை போக 18 விநாடி. சிலிண்டருக்குள் 5 செ.மீ. தண்டு இடத்தை அடைப்பதால் திரும்பி வர இன்னும் 13. ஒரு கட்டைக்கு அரை நிமிடம்! அதற்குள் நான் கோடாலியாலேயே மூன்று கட்டை பிளந்திருப்பேன்.

பழைய இரும்பு:
வந்துவிட்டார் கால்குலேட்டரோடு. நான் "போதும்" என்றுதான் சொன்னேன், "பறக்கும்" என்று சொல்லவில்லை. கட்டையைப் பிளப்பது அழுத்தம், வேகம் இல்லை. 170 பார் அழுத்தம் வந்தால் நீங்கள் சொன்ன அதே சிலிண்டர் 13 டன்னுக்கு மேல் தள்ளும். ஆறு வருடமாக இப்படித்தான் பிளக்கிறேன், அடுப்பு ஒருநாளும் அணைந்ததில்லை. அது போகட்டும், எந்தக் கட்டை ஐயா ஆப்பு 60 செ.மீ. போகும்வரை பிளக்காமல் காத்திருக்கிறது? நார் நேராக ஓடும் கட்டை என்றால் ஆப்பு ஒரு சாண் இறங்கும் முன்பே இரண்டாகிவிடும். லீவரைத் திருப்பிவிட வேண்டியதுதான்.

எண்ணெய்க்கறை:
கணு உள்ள கட்டை? கவட்டைக் கட்டை? அங்கே ஆப்பு கடைசிவரை போயே ஆக வேண்டும். 18 விநாடி. நேரான கட்டைக்கு டிராக்டரே எதற்கு, அதைக் கையால் பிளந்துவிடலாம். என் பிடிஓ பம்பு ஷாஃப்ட்டின் 540 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு 540 சுற்று) கியர் வைத்து மூன்று மடங்காக்கி நிமிடத்துக்கு 45 லிட்டர் தருகிறது. போக 6 விநாடி, வர 5.

அளவுகோல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "13 டன் தள்ளும்" என்பது தவறு. டன் என்பது நிறை. விசையைச் சொல்வதானால் சுமார் 133 கிலோநியூட்டன்.

பழைய இரும்பு:
நியூட்டன் வந்து விறகு அடுக்கித் தரட்டும்.

கணுக்கட்டை:
கேட்டவன் நான்தான். என்னிடம் இருப்பது 135 இல்லை, அதைவிடப் பழையது. சிலிண்டரும் வால்வும் ஏற்கெனவே இருக்கின்றன. வால்வு ஓப்பன் சென்டரா, அதாவது லீவர் நடுவில் நிற்கும்போது எண்ணெயைத் தடுக்காமல் திரும்ப விடும் வகையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணெய்க்கறை:
பார்த்தீர்களா, இவரிடம் 135கூட இல்லை! 135 வந்ததே 1964-இல்தான், அதைப் போய் "பழைய டிராக்டர்" என்கிறார் பழைய இரும்பு. ஃபெர்குசன் டிஇ20 பழைய டிராக்டர். அதில் பிடிஓ லீவரைப் போடாமல் லிஃப்டே (பின்னால் மாட்டிய கருவியை உயர்த்தும் கைகள்) தூக்காது. அதன் பம்பு 16 லிட்டர்கூடத் தராது. அப்புறம் 18 விநாடி என்பது கனவுதான்.

பழைய இரும்பு:
135 பழையது இல்லையா? அறுபது வருடம் ஆன வண்டி உங்களுக்குப் புதுசு என்றால் உங்கள் வயதை நான் கேட்கப் போவதில்லை.

எண்ணெய்க்கறை:
பேச்சை மாற்ற வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. 135-இன் உள் பம்பு உட்கார்ந்திருப்பது பின் ஹவுசிங்குக்குள், கியரும் டிஃபரன்ஷியலும் குளிக்கும் அதே எண்ணெயில். மழையில் கிடந்த பழைய சிலிண்டரை அதில் இணைத்தால், உள்ளே இருக்கும் தண்ணீரும் துருவும் நேராக கியர்பாக்ஸுக்குப் போகும். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்த பிறகு "ஆறு வருடமாக" என்று சொல்லிப் பயனில்லை. தனி டாங்க், தனி ஃபில்டர் வைத்த பிடிஓ பம்பில் இந்தத் தொல்லை கிடையாது.

பழைய இரும்பு:
சிலிண்டரைக் கழுவிவிட்டு மாட்டத் தெரியாதவருக்குத் தனி டாங்க் வைத்தாலும் அதே கதிதான். பிடிஓ பம்பின் பெருமையை நீங்கள் பேசலாமா? போன மழைக்காலத்தில் பம்பு உடலைச் சங்கிலி போட்டுக் கட்டாமல் ஓட்டி, அது ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றி, ஹோஸ் இரண்டையும் முறுக்கிப் பிய்த்துக்கொண்ட கதையை எழுதியது யார்? அன்றைக்கு எத்தனை விநாடி ஆனது?

எண்ணெய்க்கறை:
அது சங்கிலி இல்லாத குற்றம், பம்பின் குற்றம் இல்லை. நீங்கள் மட்டும் என்ன, லீவரை "கான்ஸ்டன்ட் பம்பிங்" (பம்பு விடாமல் எண்ணெய் தள்ளும் நிலை) குறிக்குத் தள்ளினால் எல்லாம் ஆயிற்று என்று ஒருவருக்குச் சொன்னீர்களே, வால்வு எந்த வகை என்று கேட்டீர்களா? அவர் மாட்டியது குளோஸ்டு சென்டர் வால்வு, லீவர் நடுவில் நின்றால் எண்ணெயை அடைத்துவிடும் வகை. எண்ணெய்க்கு வழியில்லாமல், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. எண்ணெய் கொதித்தது. அதற்கு இன்றுவரை நீங்கள் பதில் சொல்லவில்லை.

பழைய இரும்பு:
அவர் என்ன வாங்கினார் என்பதற்கு நானா பொறுப்பு?

முட்டுக்கட்டை:
சிலிண்டரைச் சின்னதாக்கினால் ஆயிற்றே. 8 செ.மீ. என்றால் 3 லிட்டர்தான். அதே 16 லிட்டர் பம்பில் 11 விநாடியில் போய்விடும்.

எண்ணெய்க்கறை:
போகும். தள்ளுவது எட்டரை டன்தான். கணு வந்தால் ஆப்பைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

அளவுகோல்:
மீண்டும் டன்.

பழைய இரும்பு:
நான் அவசரப்படவே இல்லை. அந்த 18 விநாடியில் அடுத்த கட்டையைக் குனிந்து எடுத்து வைக்கிறேன். உங்கள் 6 விநாடியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நின்றுகொண்டு இன்னொரு 6 விநாடி எண்ணுகிறீர்கள். கையை இழக்கவும் வேகமான ஆப்பு நல்ல வழிதான்.

எண்ணெய்க்கறை:
ஆக, 18 விநாடி என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

பழைய இரும்பு:
எங்கே ஒப்புக்கொண்டேன்? முழுதாகப் போனால் என்றுதான் சொல்கிறேன். போவதில்லை.

எண்ணெய்க்கறை:
கணுக்கட்டையை வைத்துக் காட்டுங்கள். அந்தப் பெயர்காரரை இல்லை, மரத்தைச் சொல்கிறேன். வீடியோ எடுங்கள், கடிகாரமும் தெரியட்டும்.

பழைய இரும்பு:
முதலில் உங்கள் சங்கிலியைப் படம் எடுத்துப் போடுங்கள்.

கணுக்கட்டை:
வால்வு பற்றிக் கேட்டிருந்தேன்...

எண்ணெய்க்கறை:
பொறுங்கள், அவர் சங்கிலியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். 18 விநாடிக்கு இன்னும் பதில் வரவில்லை.