கப்பலூரில் கவிழ்ந்த கப்பல்

ஜியோமெட்ரி டேஷ் என்ற மொபைல் விளையாட்டை விளையாடி மண்டை காய்ந்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள். என்னுடையதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

வயது 36. 2013-இல் வந்த விளையாட்டை நான் தொட்டது போன வருடம்தான். திருமங்கலத்திலிருந்து மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டு போகிற நேரத்தை ஓட்ட, இலவச லைட் பதிப்பை இறக்கினேன். ஒரு சதுரக்கட்டை தானாக ஓடும், பின்னால் ஓடும் பாட்டின் தாளத்துக்கு ஏற்ப வழியில் முள் வரும், திரையைத் தொட்டால் கட்டை குதிக்கும், அவ்வளவுதான். முதல் லெவல் ஸ்டீரியோ மேட்னஸ் மொத்தமே ஒன்றரை நிமிடம். அதைத் தாண்ட எனக்கு 412 அட்டெம்ப்ட் ஆனது.

மூன்று உயிர், ஐந்து உயிர் என்ற சலுகையெல்லாம் இதில் கிடையாது. ஒரு முள் பட்டால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. இத்தனையாவது முயற்சி என்று வேறு ஈவிரக்கமில்லாமல் காட்டும். நடுவில் கட்டை கப்பலாக மாறும். விரலை அழுத்தினால் ஏறும், விட்டால் இறங்கும். ஒரு நாள் கடைசிக் கப்பலில் 94 சதவீதம் வந்துவிட்டேன். பஸ் கப்பலூரைத் தாண்டுகிறது. அத்தையிடமிருந்து போன். “சாப்பிட்டியாப்பா?” கவிழ்ந்தது கப்பல்.

மே லீவுக்கு உசிலம்பட்டியிலிருந்து அக்கா மகன் வந்தான். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். “மாமா, நீங்க முள்ளப் பாத்துக் குதிக்கிறீங்க. பாட்டக் கேட்டுக் குதிங்க.” கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன் என்றேன். என் காதில் இருந்த ப்ளூடூத்தைக் கழற்றி வைத்துவிட்டு, “இதுல சத்தம் லேட்டா வருது மாமா” என்றான்.

அட, ஆமாம்! போன் ஒலியைச் சுருக்கி அனுப்ப வேண்டும், காதில் இருக்கிற கருவி அதைப் பிரிக்க வேண்டும். சாதாரண ப்ளூடூத்தில் 150, 200 மில்லி விநாடி அதிலேயே போய்விடும். வீடியோ பார்க்கும்போது படத்தையும் அதே அளவு தாமதமாக ஓட்டிச் சமாளித்துவிடுவார்கள். விளையாட்டில் அந்தத் தந்திரம் பலிக்காது. விநாடிக்கு 60 படம் காட்டும் திரையில் ஒன்பது முதல் பன்னிரண்டு படம் பிந்தித்தான் பாட்டின் தாள அடி காதில் விழுகிறது. அதற்குள் கட்டை முள்ளில் ஏறியிருக்கும். டவுன்ஹால் ரோட்டில் 250 ரூபாய்க்கு ஒரு வயர் ஹெட்செட் வாங்கினேன். அந்த வாரமே, மொட்டை மாடியில், போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு முடித்தேன். (அத்தை மன்னிக்கவும்.)

ஒரு குறை மட்டும் உண்டு. பிராக்டிஸ் மோடில் பச்சை வைரம் மாதிரி செக்பாயின்ட் வைத்து, செத்தால் அங்கிருந்தே தொடர்ந்து பழகலாம், சரி. ஆனால் நான் பழகிய வரை அங்கே வேறு பாட்டுதான் ஓடியது. விரலுக்குப் பாதை பழகியது, காதுக்கு ஒன்றும் பழகவில்லை.

ஒத்தக்கடையிலிருந்து:

வயர் ஹெட்செட் சரிதான் அண்ணே. ஆனால் காது மட்டும் போதாது. நான் பறை பழகுகிறவன், தாளத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. அடி விழுகிற இடத்திலெல்லாம் குதித்தேன், அத்தனையிலும் செத்தேன். எல்லா அடிக்கும் குதி கிடையாது, சிலதைச் சும்மா ஓடித்தான் கடக்க வேண்டும். இரண்டாவது லெவல் பேக் ஆன் டிராக்கில் மஞ்சள் தட்டு தானே தூக்கிவிடும். விரல் குறுகுறுத்தாலும் தொடக்கூடாது. அடுத்த லெவல் போலர்கெய்ஸ்டில் மஞ்சள் வளையம் வரும். அதில் நேர்மாறு, நடுவானில் கட்டை வளையத்தில் இருக்கும்போதே தட்ட வேண்டும். தட்டாமல் விட்டதில்தான் எனக்குப் பாதி அட்டெம்ப்ட் போனது. பறையில் விடுகிற அடியை ஒழுங்காக எண்ணச் சொல்லி வாத்தியார் தலையில் குட்டுவார். அந்தக் குட்டு இங்கே உதவியது.

வில்லாபுரத்திலிருந்து:

உங்கள் இருவர் பாடாவது பரவாயில்லை. என் மகள் முடித்த லெவலுக்கே திரும்பத் திரும்பப் போகிறாள். கேட்டால், கிளப்ஸ்டெப் என்ற லெவலைத் திறக்கப் பத்து ரகசியக் காசு வேண்டுமாம். லெவலுக்கு மூன்று காசு. அதுவும் எடுத்தால் மட்டும் ஆகாது, அதே ஓட்டத்தில் கடைசிவரை போய்ச் சேர்ந்தால்தான் கணக்கில் வருமாம். காசை எடுத்துவிட்டுச் செத்து, “அய்யோ” என்று அவள் கத்துவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோவென்று ஓடிவந்துவிட்டார். நேற்று அவள் குளிக்கப் போன நேரத்தில், அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று போனை எடுத்தேன். 38-வது அட்டெம்ப்டில் இருந்தபோதுதான் தோசை கருகுகிற வாடை வந்தது. 21 சதவீதம். வயர் ஹெட்செட் எந்தக் கடையில் வாங்கினீர்கள்?