கலகலவென்று சத்தம் கேட்கிறதா, சித்தப்பா?

குழு: தாம்பரம் வீடு

ஞாயிறு

முருகேசன் சித்தப்பா, காலை 9:12
[படம்]
புகைப் பரிசோதனைக்குப் போய் வந்தேன். கார் தேறவில்லை. 2006இல் வாங்கியதிலிருந்து ஒரு முறைகூட இப்படி ஆனதில்லை. 2021இல் ஆர்.சி. புதுப்பித்தபோதும் சிக்கல் இல்லை. அடுத்த மாதம் மறுபடியும் புதுப்பிக்க வேண்டும். கவிதா, இந்தச் சீட்டைப் பார்த்துச் சொல் அம்மா.

கவிதா, 9:20
பார்த்தேன் சித்தப்பா. கார்பன் மோனாக்சைடு 1.9 சதவீதம். உங்கள் காருக்கு வரம்பு 0.5தான். ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல், பத்து லட்சத்தில் 750 பங்கு (பி.பி.எம்.) வரை இருக்கலாம், உங்களுடையது 1,120. அண்மையில் காரில் என்ன வேலை செய்தீர்கள்?

முருகேசன் சித்தப்பா, 9:26
இரண்டு வாரத்துக்கு முன்பு கன்வர்ட்டரை, அதுதான் புகைக் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம், எடுத்துவிட்டோம். மேம்பாலம் ஏறவே கார் திணறியது. அடைத்துக்கொண்டது, புதிது போட்டால் செலவு அதிகம், எடுத்துவிட்டு நேர்க் குழாய் வைக்கலாம், பிக்கப் கூடும் என்று மெக்கானிக் சொன்னார். உண்மையிலேயே கூடியது.

ராஜம் அத்தை, 9:29
அப்படியானால் அதுதானா தம்பி! காலையில் நீ வண்டியை எடுக்கும்போது துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தால் கண் எரிகிறது. பெட்ரோல் வாடை சமையலறைவரை வருகிறது. இரண்டு வாரமாக அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. நான்தான் ஏதோ நோய் என்று பயந்துகொண்டிருந்தேன்.

கவிதா, 9:33
அத்தை, முதலில் அந்த ஜன்னல் மூடியே இருக்கட்டும். வாடை அடிப்பது எரியாத பெட்ரோல். அதனுடன் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, அதுதான் ஆபத்து. சித்தப்பா, இன்றிலிருந்து காரைக் கையால் தள்ளி வாசலுக்கு வெளியே கொண்டுபோய் ஸ்டார்ட் செய்யுங்கள். தயவுசெய்து போர்ட்டிகோவில் வைத்து ஓடவிடாதீர்கள்.

முருகேசன் சித்தப்பா, 9:34
சரி அம்மா. இது தோன்றவே இல்லை எனக்கு.

செந்தில், 9:41
அக்கா, ஒரு யோசனை. அந்தத் தகரக் கூட்டை மட்டும் உள்ளே எதுவும் இல்லாமல் திரும்ப மாட்டினால்? பார்க்கிறவர்களுக்குக் கன்வர்ட்டர் இருப்பதுபோல்தானே தெரியும். இல்லையென்றால் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்பினாலே சான்றிதழ் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களாம்.

கவிதா, 9:47
வேண்டாம் செந்தில். குழாய்க்குள் கம்பியை விட்டு அளக்கும் இயந்திரம் கூட்டையா பார்க்கப்போகிறது? வாயுவைத்தான் பார்க்கும். பொய்ச் சான்றிதழ் வாங்கினால் அத்தையின் ஜன்னலுக்கு வரும் புகை குறையுமா? வண்டியில் இப்படி மாற்றம் செய்வதே மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு எதிரானது. புகை வரம்பை மீறி ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஆனால் போலீஸுக்குப் பயந்து நான் இதைச் சொல்லவில்லை. தினமும் இந்த வாயுக்களை அளப்பதுதான் என் வேலை. அவை என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

செந்தில், 9:48
தவறுதான் அக்கா. விட்டுவிடுகிறேன்.

கவிதா, 9:50
சித்தப்பா, கழற்றிய கன்வர்ட்டர் எங்கே?

முருகேசன் சித்தப்பா, 9:52
டிக்கியில் சாக்குக்குள் இருக்கிறது. பழைய இரும்புதானே, 3,000 ரூபாய் தருகிறேன், விட்டுவிட்டுப் போங்கள் என்றார் மெக்கானிக். பழைய இரும்புக்கு யார் இவ்வளவு கொடுப்பார்கள் என்று எடுத்துவந்துவிட்டேன்.

கவிதா, 9:53
நல்ல வேலை செய்தீர்கள். அதனுள் இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், மூன்றும் விலையுயர்ந்த உலோகங்கள். கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் கேட்கிறதா?

முருகேசன் சித்தப்பா, 10:04
ஆமாம். மண் உண்டியலைக் குலுக்கியதுபோல் கேட்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். தேனடைபோல் சிறு சிறு துளைகள். ஒரு பக்கம் துளையே இல்லை, பாகு உருகி உறைந்ததுபோல் பளபளவென்று இருக்கிறது.
[படம்]

கவிதா, 10:15
இந்தப் படத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 400 துளை உள்ள பீங்கான் அடை அது. துளைச் சுவர்களில் பூசிய அந்த உலோகங்கள்மீது படும்போது கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாகிறது, எரியாத பெட்ரோல் நீராவியும் கரியமில வாயுவுமாகிறது, நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகின்றன. அது தானாக உருகாது. எஞ்சினில் ஏதாவது ஒரு சிலிண்டர் சரியாகப் பற்றாமல் பெட்ரோல் அப்படியே வெளியேறினால், அது கன்வர்ட்டருக்குள் போய் எரியும். சூடு 1,000 டிகிரியைத் தாண்டும். அடை உருகித் துளைகள் அடைத்துக்கொள்ளும். புகை போக வழியில்லாமல் கார் திணறும். கழற்றுவதற்கு முன்பு கார் குலுங்கியதா?

முருகேசன் சித்தப்பா, 10:19
நான்கைந்து மாதமாகவே சிக்னலில் நிற்கும்போது உடம்பெல்லாம் அதிரும். வயதான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிளக் மாற்றியது எப்போது என்று நினைவே இல்லை.

கவிதா, 10:24
அதுதான் காரணம். கன்வர்ட்டரை எடுத்ததும் அடைப்பு போனது, அதனால்தான் பிக்கப் கூடியதுபோல் தெரிந்தது. நல்ல நிலையில் இருந்த கன்வர்ட்டரை எடுத்திருந்தால் உங்களுக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. மூல நோய் அப்படியே இருக்கிறது. சிலிண்டர் பற்றாதபோது ஆக்சிஜனும் மிச்சமாக வெளியே வரும். புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்று ஏமாந்து இன்னும் ஊற்றச் சொல்லும். அதனால்தான் உங்கள் சீட்டில் இரண்டு எண்களும் ஏறியிருக்கின்றன. இப்போதே புதிய கன்வர்ட்டர் போட்டால் அதுவும் சில மாதத்தில் உருகும். முதலில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், வயர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அதிர்வு நின்ற பிறகு கன்வர்ட்டர் வாங்குங்கள்.

சுந்தரம் பெரியப்பா, 10:40
இப்போதுதான் பார்த்தேன். முருகேசா, நான் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்த காலம் உனக்கு நினைவிருக்கிறதா? 1995 ஏப்ரலில்தான் சென்னையில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானது. டெல்லி, மும்பை, கொல்கத்தாவிலும் அப்போதுதான். ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் கன்வர்ட்டர் கெட்டுவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயமில்லாததுதான். அதற்கு முந்தைய புகையை நாள் முழுவதும் நின்று சுவாசித்தவன் நான். பாடுபட்டுக் கொண்டுவந்த பொருளைக் கழற்றி எறியாதே.

முருகேசன் சித்தப்பா, 10:43
எறியவில்லை அண்ணா. மாட்டிவிடுகிறேன்.

வெள்ளி

முருகேசன் சித்தப்பா, மாலை 6:35
[படம்]
மூன்றாவது சிலிண்டர் பிளக். முனை தேய்ந்து இடைவெளி கூடி, கரிக்கட்டைபோல் இருந்தது. காயிலும் ஒன்று போயிருந்தது. மாற்றியதும் அதிர்வு நின்றுவிட்டது. நாளை கன்வர்ட்டர் மாட்டுகிறார்கள். வேறு இடத்தில்தான் கொடுத்திருக்கிறேன்.

கவிதா, 6:41
மிக்க மகிழ்ச்சி சித்தப்பா. பரிசோதனைக்குப் போகும் முன்பு இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல் உள்ளே போங்கள். ஏறக்குறைய 300 டிகிரி சூடானால்தான் கன்வர்ட்டர் வேலையைத் தொடங்கும். ஆறிய வண்டியைக் கொடுத்தால் நல்ல கார்கூடத் தேறாமல் போகலாம். புதிது மாட்டிய பிறகும் காலையில் வெளியே வைத்தே ஸ்டார்ட் செய்யுங்கள், அந்த முதல் ஓரிரு நிமிடத்துக்கு அதனால் பயனில்லை.

ஞாயிறு

முருகேசன் சித்தப்பா, காலை 11:08
[படம்]
கார்பன் மோனாக்சைடு 0.11. ஹைட்ரோகார்பன் 84. தேறிவிட்டது.

ராஜம் அத்தை, 11:10
இன்று காலை வாடையே இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டேன் தம்பி.

முருகேசன் சித்தப்பா, 11:15
பிளக் மாற்றிய தேதியையும் 1,12,460 கி.மீ. என்பதையும் ஆர்.சி. உறைமேல் எழுதி வைத்திருக்கிறேன். செந்தில், நீயும் உன் வண்டிக்கு எழுதி வை.