கல்சிந்தூர்ப் பெண்களும் தெற்காசியக் கோப்பையும்

அன்புடைய நம் ஊர்ச் சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விளையாட்டு விழாவில் பெண்பிள்ளைகளுக்கும் கால்பந்துப் போட்டி வைப்பது குறித்துச் சில நாட்களாக இங்கே கருத்துகள் வந்துகொண்டிருக்கின்றன. பின்னலாடைத் தொழிலின் பொருட்டு டாக்காவில் குடியிருப்பவன் என்ற முறையில், 2022 செப்டம்பரில் காத்மாண்டுவில் நடைபெற்ற தெற்காசிய மகளிர் கால்பந்துப் போட்டியை வங்கதேசம் எவ்வாறு வென்றது என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

அதுவரை நடந்த ஐந்து போட்டிகளிலும் கோப்பை இந்தியாவுக்கே போயிருந்தது. அத்தொடரில் இந்தியப் பெண்கள் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்றதில்லை. ஆகவே செப்டம்பர் 13 அன்று பிரிவு ஆட்டத்தில் வங்கதேசம் இந்தியாவை 3-0 என்று வீழ்த்தியபோது, என்னுடன் பணிபுரியும் வங்காள நண்பர்களே முதலில் நம்பவில்லை. சிராத் ஜஹான் ஸ்வப்னா இரண்டு கோல்களும் கிருஷ்ணா ராணி சர்க்கார் ஒரு கோலும் அடித்திருந்தனர். இந்திய அணி தளர்ந்திருந்ததற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. முந்தைய மாதம்தான் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு இந்தியாவை இடைநீக்கம் செய்து, பத்து நாட்களுக்குப் பின் அத்தடையை நீக்கியிருந்தது. அந்த இடைவெளியில், ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை சென்றுவிட்ட கோகுலம் கேரளா அணியினர் பந்தைத் தொடாமலே திரும்ப நேர்ந்தது. எனினும், அரையிறுதியில் நேபாளத்திடமும் இந்தியா 0-1 என்று தோற்று வெளியேறியதைப் பார்த்தபின், முழுப் பழியையும் நிர்வாகக் குழப்பத்தின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. எதிரே ஆடியவர்கள் உண்மையிலேயே வளர்ந்திருந்தார்கள்.

நேபாளத்துடனான இறுதியாட்டம் செப்டம்பர் 19 அன்று காத்மாண்டுவின் தசரத் அரங்கில் நடந்தது. மழையால் ஆடுகளம் சேறாகிக் கிடந்தது. தரையோடு தட்டிவிட்ட பந்து நாலடி உருண்டு நின்றுவிடும் நிலை. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஸ்வப்னா காயத்தால் வெளியேற, அவருக்குப் பதிலாக இறங்கிய ஷம்சுன்னாஹார் (அணியில் அப்பெயருடைய இருவரில் இளையவர்) வந்த வேகத்தில் முதல் கோலை அடித்தார். இடைவேளைக்கு முன் கிருஷ்ணா இரண்டாவதை அடித்தார். எழுபதாவது நிமிடத்தில் நேபாளத்தின் அனிதா பஸ்நெத் ஒன்றைத் திருப்பியதும் அரங்கமே அதிர்ந்தது. அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் கிருஷ்ணா மீண்டும் அடித்து 3-1 என முடித்துவைத்தார். ஐந்து ஆட்டங்களில் 23 கோல்கள் அடித்த வங்கதேசம் வாங்கிய கோல் அந்த ஒன்றுதான். அணித்தலைவி சபினா காத்துன் மட்டும் எட்டு கோல்கள் அடித்திருந்தார்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். அந்த அணியில் எட்டுப் பெண்கள் கல்சிந்தூர் என்ற ஒரே கிராமத்தைச் சேர்ந்தவர்கள். மைமன்சிங் மாவட்டத்தின் வடகோடியில், மேகாலய மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. அரசுத் தொடக்கப்பள்ளி மாணவியருக்காக நாடு முழுவதும் ஒரு கால்பந்துக் கோப்பைப் போட்டி 2011இல் தொடங்கப்பட்டபோது, அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் மொஃபிஸ் உத்தின் சிறுமிகளைச் சேர்த்துப் பழக்கத் தொடங்கினார். பெண்பிள்ளைகள் அரைக்கால் சட்டை அணிவதா என்ற எதிர்ப்பையும் மீறி, அப்பள்ளி தேசிய அளவில் வென்றது. அவ்வூருக்கு மின்சாரம் வந்ததே அப்பிள்ளைகள் பெற்ற பெயரால்தான் என்பார்கள்.

அவர்களில் பலரும், பிற மாவட்டச் சிறுமிகளும் 14 வயதுக்குட்பட்டோர் அணியிலேயே ஒன்றுசேர்ந்துவிட்டனர். 2015 ஏப்ரலில் அந்த அணி அவ்வயதினருக்கான ஒரு போட்டியின் இறுதியாட்டத்துக்காகக் காத்மாண்டுவில் இருந்தபோதுதான் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. ஆட்டம் டிசம்பருக்குத் தள்ளிப்போய், அப்போதும் நேபாளத்தையே வென்றார்கள். பின்னர் டாக்காவின் மோதிஜீல் பகுதியில் உள்ள கால்பந்துக் கூட்டமைப்பின் கட்டடத்திலேயே தங்கி, பயிற்சியாளர் கோலாம் ரப்பானி சோட்டனிடம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே பயின்றார்கள். ஒருத்தி பந்தை விடும்போதே மற்றவள் எங்கே ஓடுவாள் என்று தெரிந்துவைத்திருந்த பழக்கம் அது. நம் விழாவில் ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களை மட்டும் சேர்க்கலாம் என்ற யோசனையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குவதே பொருத்தம்.

கோப்பையுடன் அவர்கள் ஊர் திரும்பிய நாளன்று, அணி வீராங்கனை சஞ்சிதா அக்தர் முகநூலில் எழுதியிருந்த ஆசையை ஏற்று, அரசு ஓர் இரட்டை மாடிப் பேருந்தின் கூரையை அறுத்தெடுத்து அனுப்பியிருந்தது. விமான நிலையத்திலிருந்து மோதிஜீல் வரை வழியெங்கும் கூட்டம். வழியில் ஒரு விளம்பரப் பலகை தட்டி ரிதுபர்ணா சாக்மாவின் தலையில் தையல் போட வேண்டியதாயிற்று. அன்று மாலைச் செய்தியாளர் கூட்டத்தில் அமைச்சரும் நிர்வாகிகளும் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, அணித்தலைவியும் பயிற்சியாளரும் பின்னால் நின்றுகொண்டிருந்த படம் வெளிவந்து பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. நம் ஊர் மேடைகளை அறிந்தவர்களுக்கு அக்காட்சி புதிதாக இராது!

அடுத்த ஆண்டே, பணமில்லை என்று கூறி ஒலிம்பிக் தகுதிச்சுற்றுக்காக அணியை மியான்மருக்கு அனுப்பாமல் விட்டார்கள். ஸ்வப்னா இருபத்திரண்டு வயதில் ஓய்வு அறிவித்தார், சோட்டனும் விலகினார். அவ்வளவுதான் என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், 2024 அக்டோபர் 30 அன்று அடுத்த தெற்காசியப் போட்டியின் இறுதியாட்டத்தில், அதே தசரத் அரங்கில், அதே நேபாளத்துக்கு எதிராக, ஆட்டம் 1-1 என்றிருக்கையில், 81ஆவது நிமிடத்தில் இடப்பக்கத்திலிருந்து ரிதுபர்ணா தூக்கி அடித்த பந்து கோல்கீப்பரின் தலைக்கு மேலாக வலைக்குள் விழுந்தது. கோப்பை மீண்டும் டாக்காவுக்கு வந்தது.