பதினொரு சாக்குப் புத்தகம் வந்தது, பிள்ளைகள் வாசிக்கத்தான் ஒன்றுமில்லை

சம்பூர்ப்பக்கத்து அக்கா:
வணக்கம். சம்பூருக்குக் கிட்ட ஒரு சனசமூக நிலையத்தில் பின்னேரம் 4 மணிக்குப் பிள்ளைகளை வாசிக்கச் சேர்க்கிறேன். 17 பேர், பெரும்பாலும் தரம் 3, 4. தகப்பன்மார் கடலுக்கோ கூலிக்கோ போகிறவர்கள். 2006இல் இடம்பெயர்ந்து, வருஷக்கணக்காக முகாமில் இருந்துவிட்டுத் திரும்பின குடும்பங்கள். பாடப்புத்தகம் அரசாங்கம் தருகிறது. அதைவிட்டால் வீட்டில் அச்சடித்த தாள் என்று இருப்பது கலண்டர் மட்டும்.

போன மாதம் முகநூலில் "புத்தகம் தாருங்கள்" என்று போட்டேன். திருகோணமலை டவுனிலிருந்து பதினொரு அரிசிச் சாக்கு வந்து இறங்கியது. பிரித்தால் உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாள், பழைய பஞ்சாங்கம், விடை எழுதி முடித்த புலமைப்பரிசில் பயிற்சிப் புத்தகம். யாரோ ஒருவரின் கல்யாண அல்பம்கூட இருந்தது! பிள்ளைகளுக்கு ஆகக்கூடியது 23, அதிலும் பாதி ஆங்கிலம்.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் "கொக்கு" என்பதை "காக்கு" என்று வாசிக்கிறான். கொம்பைக் கண்டுகொள்வதே இல்லை. கேட்டால், "முன்னுக்கு நிற்கிறதை ஏன் டீச்சர் பிறகு சொல்ல வேணும்?" என்கிறான். எனக்குப் பதில் வரவில்லை.

என்ன புத்தகம் கேட்பது? மிச்சச் சாக்கை என்ன செய்வது?

உப்புவெளி ஓய்வு டீச்சர்:
மகள், பொதுவாகக் கேட்டால் அலுமாரி கூட்டினதுதான் வரும். சனத்தில் பிழையில்லை. பக்கத்துக்கு இரண்டு வரி, பெரிய எழுத்து, ஒரே புத்தகத்தில் நாலு பிரதி என்று எண்ணிக் கேளுங்கள். நாலு பேர் ஒன்றையே வைத்து வாசித்தால் தெரிந்தவன் தெரியாதவனை இழுத்துக்கொண்டு போவான். அக்டோபர் வாசிப்பு மாதம், அப்போது பள்ளிக்கூடங்களில் கேட்டால் கிடைக்கும்.

பையனுக்கு 247 எழுத்தையும் வரிசையாக ஓட்டாதீர்கள். படம், மரம், மீன், கடல், நண்டு என்று தொடங்குங்கள். "வலை" இப்போது வேண்டாம், ஐகாரமும் முன்னுக்குத்தான் நிற்கும். அப்புறம் மட்டையில் கொம்பை வெட்டி எடுத்து "க"வுக்கு முன்னால் நகர்த்திக் காட்டுங்கள். "கொம்பு ஊமை, பக்கத்து எழுத்து வரும்வரை வாய் திறக்காது" என்று நான் சொல்லிக்கொடுப்பேன்.

கிண்ணியாத் தம்பி:
அக்கா, நான் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வாயால் சொல்கிற கதையை நீங்கள் எழுதி அனுப்புங்கள். ஒரு ஏ4 தாளை இரண்டு தரம் மடித்தால் எட்டுப் பக்கம். இருபது பிரதி அடித்து மூதூர் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், காசு வேண்டாம். உயர்தரத் தாள்களை இங்கே அனுப்புங்கள், ரியூஷன் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போவார்கள். மற்றதையும் மழைக்கு முன் பிளாஸ்ரிக் பெட்டிக்கு மாற்றுங்கள், சாக்கோடு நிலத்தில் வைத்தால் கறையான்தான் வாசிக்கும்.

சம்பூர்ப்பக்கத்து அக்கா:
கொம்பு வெட்டினேன் டீச்சர். "செடி", "பெட்டி" வரைக்கும் வந்துவிட்டான். "கொக்கு" இன்னும் காக்குத்தான். தம்பி, சாக்கு நாளைக் காலை பஸ்ஸில் வருகிறது. அப்பாவின் தோணிக்குள் நாய் ஏறின கதை ஒன்றும் அதற்குள் இருக்கிறது, சொன்னது அந்தப் பையன்தான்.

கல்யாண அல்பத்தின் சொந்தக்காரர் இதைக் கண்டால் சொல்லுங்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன்.