மழை குறைந்ததா, மழை நாள் மாறியதா?

ஏரிக்கரை: ஒரு பருவம் தவறினால் போதும், உடனே பருவநிலை மாற்றம் என்கிறோம். பசிபிக் கடல் சூடாகி மழையைக் குழப்பும் எல் நினோ 2 முதல் 7 ஆண்டுக்கு ஒருமுறை வருவதுதான், வறட்சியும் புதிதல்ல. பல இடங்களில் ஆண்டு மொத்த மழை பழைய சராசரியை ஒட்டியே இருக்கிறது. வரப்பைக் கரைத்தோம், குளத்தைத் தூர்த்தோம், மண்ணைச் சருகு, வைக்கோல் மூடாக்கு இல்லாமல் வெயிலில் போட்டோம். பழியை மட்டும் வானத்தின் மேல் போடுகிறோம்.

விதைநாள்: ஆண்டு மொத்தத்தை நம்பிப் பயிர் வளர்வதில்லை, நண்பரே. 100 மி.மீ. பத்து மழையாக வந்தால் வேருக்குப் போகும். ஒரே இரவில் கொட்டினால், மண் உறிஞ்ச முடியாதது மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். மழைமானிக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். உலகின் மொத்த மழையோ அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால்தான் பெய்தால் வெளுத்து வாங்குகிறது, நடுவில் மழையில்லாத நாட்கள் நீள்கின்றன.

போன பருவம் முதல் மழையை நம்பி விதைத்தேன். முளைத்து இரண்டு இலை விட்டது. அப்புறம் மூன்று வாரம் ஒரு துளி இல்லை. மொத்தமும் கருகி, மறுபடி விதை வாங்கினேன். பருவ முடிவில் பார்த்தால் மழை அளவில் குறையே இல்லை!

ஏரிக்கரை: உங்கள் இழப்பு புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்வதே என் பக்கம்தான் நிற்கிறது. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. என்பது 10,000 லிட்டர். கொட்டிய மழையில் 50 மி.மீ. வழிந்தோடினால் 5 லட்சம் லிட்டர் போச்சு. அதைப் பண்ணைக்குட்டையில் பிடித்திருந்தால் அந்த மூன்று வாரத்தில் பயிரைக் காக்க ஒரு தண்ணீர் விட்டிருக்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் யக்கூபா சவடோகோ என்ற விவசாயி வறட்சிக் காலத்தில்தான் இறுகிய தரையில் குழி தோண்டி எரு போட்டு விதைத்தார். மழை மாறவில்லை, நிலம் மாறியது.

விதைநாள்: அவர் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் குழி பிடிப்பது பெய்கிற மழையைத்தான். ஆப்பிரிக்கக் கொம்பில் (சோமாலியா, எத்தியோப்பியா, கென்யா பகுதி) 2020 கடைசி முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து பருவம் பொய்த்தது. 2023 கடைசியில் அங்கேயே வெள்ளம். எந்தக் குட்டை அதைத் தாங்கும்? உலகின் சாகுபடி நிலத்தில் சுமார் 80 சதவீதம் மழையை மட்டும் நம்பும் மானாவாரி. அவ்வளவு பேரையும் பார்த்து ‘உன் வரப்பு சரியில்லை’ என்பது நியாயமில்லை.

கதிர்மணி: நடுவில் வருகிறேன். மக்காச்சோளக் கதிரின் நுனியில் பட்டு இழைகள் வெளிவரும் பூப்பு நாட்களில் ஈரம் இல்லாவிட்டால் முன்னால் எவ்வளவு பெய்திருந்தாலும் மணி பிடிக்காது. நான் இப்போது விதைப்பை இரண்டாகப் பிரிக்கிறேன்: பாதி முதல் நல்ல மழைக்கு, பாதி இரண்டு வாரம் கழித்து. ஒரு சாண் தோண்டி ஈரம் பார்க்காமல் விதைப் பையைத் திறப்பதில்லை. விளைச்சல் கொஞ்சம் குறையும், ஆனால் மொத்தமும் போகாது.

ஏரிக்கரை: சரி, இதில் எனக்கு மறுப்பில்லை. குட்டை முக்கியம் என்பதை மட்டும் விடமாட்டேன்.

விதைநாள்: விட வேண்டாம். உங்களிடம் பழைய மழைக் குறிப்பு நோட்டு இருந்தால் ஒன்று செய்யுங்கள். மொத்தத்தைக் கூட்டாமல், விதைப்புக்கும் பூப்புக்கும் இடையே எத்தனை நாள் மழை பெய்தது என்று ஆண்டுவாரியாக எண்ணுங்கள்.

ஏரிக்கரை: தினக் குறிப்பே இருக்கிறது. இன்றிரவு எண்ணி இங்கேயே போடுகிறேன்.