புறவாசல் முருங்கை: வெட்டவா, விடவா?

பாளைத் தாழ்வாரம்:
எங்கள் வீட்டுப் புறவாசலில் அப்பா காலத்து முருங்கை ஒன்று நிற்கிறது. மாடி உயரத்துக்குப் போய்விட்டது. பாதிக் கொப்பு பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்கு மேலே சாய்ந்து கிடக்கிறது. வருடா வருடம் ஐப்பசி மழை விழுந்ததும் தூரில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். போன கார்த்திகையில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அவர்கள் சண்டைக்கு வரவில்லை, "அண்ணாச்சி, ஏதாவது பண்ணுங்களேன்" என்றுதான் கேட்டார்கள். அதுதான் இன்னும் சங்கடம். வீட்டில் வெட்டச் சொல்கிறாள். அம்மா, "நான் கண்ணை மூடினப்புறம் வெட்டிக்கோ" என்கிறாள். மழைக்கு முன்னால் முடிவு பண்ண வேண்டும். மரம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

டவுன் வளவுக்காரர்:
வெட்டிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு நடுவே முருங்கை வைப்பதே தப்பு. தோட்டத்தில், வயல் மேட்டில் நிற்க வேண்டிய மரம் அது. பங்குனி, சித்திரையில் நயினார்குளம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், காய் சீப்பட்டுக் கிடக்கும். அதற்காக ஊரான் பிள்ளை சொறிந்துகொண்டு அலைய வேண்டுமா? ஆனி, ஆடிக் காற்றில் கொப்பு முறிந்து விழுவது தனிக் கதை. பக்கத்து வீட்டு ஓடு உடைந்தால் யார் கொடுப்பது?

கல்லிடை மதினி:
டவுன் அண்ணாச்சிக்கு எப்போதும் அரிவாள்தான் முதலில் ஞாபகம் வரும். போன தடவை ஒருவர் பவளமல்லியில் எறும்பு என்று கேட்டபோதும் இதையேதான் சொன்னார்.

அந்தப் பூச்சி ஒரே நாளில் வந்து உட்காருவதில்லை. மழையில் மண் நனைந்ததும் மஞ்சளும் பழுப்புமாகப் பெரிய அந்துப்பூச்சி வெளியே வரும். இலையிலும் இளந்தண்டிலும் கொத்துக் கொத்தாக முட்டை வைக்கும். பொரித்த புழு இலையைத் தின்று, பட்டையைச் சுரண்டி, கூட்டமாகத் தூருக்கு இறங்கும்போதுதான் நாம் பார்த்துவிட்டு அலறுகிறோம். முட்டையாக இருக்கும்போதே அந்த இலையைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் கதை முடிந்தது. மாடி உயரத்து மரத்தில் யார் ஏறிக் கிள்ளுவது? முருங்கைக் கொப்பு ஆளைத் தாங்காது. அதனால் ஆவணியில் மரத்தை நெஞ்சு உயரத்துக்கு இறக்குங்கள். வெட்டுவாயில் சாணியை அப்பிவிடுங்கள், மழைத்தண்ணீர் இறங்கி அழுகாது. காய்ப்பும் அதற்குள் முடிந்திருக்கும், நஷ்டமில்லை.

டவுன் வளவுக்காரர்:
மதினி, ஆவணியில் இறக்கினால் புரட்டாசி, ஐப்பசியில் மரம் முழுக்கத் துளிர். இளந்தண்டில்தான் முட்டை வைக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இலை போட்டுப் பூச்சியைக் கூப்பிடுகிற வேலை அது.

கல்லிடை மதினி:
வரட்டும். கைக்கு எட்டுகிற இடத்தில் வரட்டும் என்கிறேன். கீரைக்காகத் தினமும் அந்தத் துளிரைத்தான் ஒடிக்கப் போகிறோம், முட்டை கண்ணில் படாமல் போகுமா?

சீவலப்பேரிப் பையன்:
எங்கள் தாத்தா ஒரு கம்பில் துணி சுற்றி எண்ணெய் நனைத்துப் பந்தம் கொளுத்தித் தூரில் காட்டுவார். ஐந்து நிமிட வேலை. இதற்கு இவ்வளவு பேச்சா?

கல்லிடை மதினி:
தம்பி, காட்டில் நிற்கிற மரத்துக்கு அது சரி. இங்கே பக்கத்தில் துணிக்கொடி, சுவர், பிள்ளைகள். நெருப்புப் பட்டதும் பாதி பொத்துப் பொத்தென்று கீழே விழும், அதன் மேலிருக்கிற சுணைமுடி காற்றில் பறக்கும். முருங்கைப் பட்டையும் மெல்லிசு, கொஞ்சம் அதிகம் காட்டினால் மரமே கருகும். அதற்கு மீன் எண்ணெய் சோப்பு இருக்கிறது. லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கரைத்துக் கூட்டத்தின் மேல் அடித்தால் போதும். நாற்றம் ஒரு நாள் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தேரிக்காட்டான்:
திசையன்விளைப் பக்கம் செம்மண்ணில் முருங்கை போட்டிருக்கிறோம், அதனால் ஒரு வார்த்தை. அண்ணாச்சி, அது கொப்பை வெட்டி நட்ட போத்து மரமா, விதை மரமா? போத்து மரத்துக்கு ஆணிவேர் கிடையாது, காற்றுக்குச் சாய்வது அதுதான்.

என்னைக் கேட்டால் பழைய மரத்தை எடுத்துவிட்டு, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கிய பி.கே.எம்-1 விதையை ஊன்றுங்கள். ஆறு மாதத்தில் காய்க்கும். இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை அடித்துக் குடை மாதிரி நிற்கும். ஒரு காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு அறுத்துவிட்டால் மறுபடி துளிர்க்கும். இரண்டு மூன்று வருடம் இப்படி ஓட்டிவிட்டுப் புது விதை போட வேண்டியதுதான். பூச்சி அதிலும் வரும், வராது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஏணி வேண்டாம், பக்கத்து வீட்டுக் கொடிக்கு மேலேயும் போகாது.

கல்லிடை மதினி:
அந்தக் காயைச் சொதியில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கை நீளத்துக்கு இருக்கும், உள்ளே சதை எங்கே? தேங்காய்ப்பாலில் சாறு இறங்க வேண்டாமா? மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைக்கிறவர்கள் மரத்துக் காயைத்தான் தேடுவார்கள்.

தேரிக்காட்டான்:
மதினி, காயைப் பிஞ்சு பருவம் தாண்டி, முற்றுவதற்குள் பறிக்க வேண்டும். கடைக்கு வருகிற காயை எடைக்காக முற்றவிட்டுப் பறிக்கிறார்கள். அதைத் தின்றுவிட்டு ரகத்தைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் வீட்டுக்கு வாருங்கள், சொதி வைத்துத் தருகிறோம், அப்புறம் பேசுவோம்.

டவுன் வளவுக்காரர்:
பார்த்தீர்களா, அந்தப் பழைய மரத்தை எடுக்க இவரும் என் கட்சி.

சீவலப்பேரிப் பையன்:
முருங்கைக்கீரையில் ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அந்த மரத்தைப் போய் வெட்டச் சொல்கிறீர்களே.

டவுன் வளவுக்காரர்:
ஆரஞ்சை அப்படியே உரித்துத் தின்கிறோம். கீரையை வேகவைத்துத் தின்கிறோம். வேகிறபோது வைட்டமின் சி பாதி எங்கே போகும் என்று அந்த வாட்ஸ்அப்பையே கேளுங்கள். கீரை நல்லதுதான், கூட்டாஞ்சோற்றில் அது இல்லாவிட்டால் எனக்கும் இறங்காது. அதற்காகப் புறவாசலில் பூச்சிப் பண்ணை வைக்க வேண்டியதில்லை.

கரிசல் மேட்டுக்காரன்:
யாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லையே. அண்ணாச்சி, பாத்திரம் கழுவுகிற அங்கணத் தண்ணீரை முருங்கைத் தூரில் விடுகிறீர்களா? பாளையங்கோட்டையில் பாதி வீட்டில் அப்படித்தான் பார்க்கிறேன். அதை வாழைக்கு விடுங்கள். முருங்கைக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது. சங்கரன்கோவில் பக்கம் எங்கள் கரிசலில் பள்ளத்தில் வைத்த முருங்கை ஒரு மழைக்காலம் தாங்காது, மேடு கட்டித்தான் வைக்கிறோம். 2023 மார்கழி பிறந்த அன்று, டிசம்பர் 17-ஆம் தேதி, தாமிரபரணி வெள்ளம் வந்ததே, அப்போது வண்ணார்பேட்டையில் என் தங்கை வீட்டுத் தென்னை அசையாமல் நின்றது. முருங்கை, தண்ணீர் வடிந்த பிறகு தூர் அழுகித் தானாகச் சாய்ந்தது.

அப்புறம் இன்னொன்று. புழு கடைசியில் மண்ணுக்குள் போய்த்தான் கூடு கட்டும். தை, மாசியில் தூரைச் சுற்றிக் கொத்திவிட்டுக் கோழியை விடுங்கள், கிளறித் தின்றுவிடும். கோழி இல்லையென்றால் மண்ணைப் புரட்டி வெயிலில் காயவிட்டாலும் போதும். குயில் இனப் பறவை வந்தால் விரட்டாதீர்கள். இந்தச் சுணைப்புழுவைத் தைரியமாகத் தின்கிற பறவைகளில் அதுவும் ஒன்று.

பாளைத் தாழ்வாரம்:
போத்து வைத்ததுதான், தேரிக்காட்டு அண்ணாச்சி. அங்கணத் தண்ணீரும் அங்கேதான் போகிறது, இனி வாழைப் பக்கம் திருப்பிவிடுகிறேன். கோழிக்கு வழியில்லை, தெரு நாய்கள் விடாது. குழந்தை மேல் சுணை பட்டால் உடனே என்ன செய்வது? பக்கத்து வீட்டில் அதைத்தான் கேட்கிறார்கள்.

கல்லிடை மதினி:
தேய்க்கக் கூடாது, தேய்த்தால் சுணை உள்ளே ஏறும். செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். கண்ணில் பட்டாலோ மூச்சு வாங்கினாலோ கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

பாளைத் தாழ்வாரம்:
சரி, இப்போதைக்கு இப்படி. கொடிக்கு மேலே சாய்ந்த கொப்பு இந்த ஞாயிற்றுக்கிழமையே இறங்குகிறது. மீதியை ஆவணியில் நெஞ்சு உயரத்துக்கு இறக்குகிறோம். தெற்கு மூலையில் தேரிக்காட்டு அண்ணாச்சி சொன்ன விதையும் ஊன்றுகிறேன். அது காய்க்கும்வரை பழைய மரம் நிற்கும் என்றதும் அம்மா சம்மதித்துவிட்டாள். வீட்டில் இன்னும் முகம் தெளியவில்லை.

டவுன் வளவுக்காரர்:
தெளியாது. கார்த்திகையில் வேதாளம் மறுபடி முருங்கை ஏறும், அப்போது மதினியைக் கூப்பிட்டு இலை கிள்ளச் சொல்லுங்கள். என் பேச்சு அப்படியே நிற்கிறது: வெட்டுங்கள்.

கல்லிடை மதினி:
கூப்பிட்டால் வருவேன். அண்ணாச்சி சோப்புத் தண்ணீர் வாளியைப் பிடிக்கட்டும்.

கரிசல் மேட்டுக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை இறக்குகிற கொப்பில் மணிக்கட்டுக் கனத்தில் நாலடிப் போத்து இரண்டு எனக்கு எடுத்து வையுங்கள். காற்றில்லாத மூலை ஒன்று இருக்கிறது, மேடு கட்டி வைத்துவிடுவேன். பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள், பைக்கில் வருகிறேன்.