தண்ணீர் பில் ஏறிக்கொண்டே போகிறது: முதலில் ஷவரை மாற்றவா, டாய்லெட்டை மாற்றவா?

மலர் (பீனிக்ஸ், டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். பீனிக்ஸில் பழைய வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர். முன்பெல்லாம் மாதத்துக்கு 24 கிலோலிட்டர் என்று வந்த பில் இப்போது மூன்று மாதமாக 38 என்று வருகிறது. புதிதாக எதுவும் வாங்கவில்லை, விருந்தாளிகளும் யாரும் வந்து தங்கவில்லை.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் தெருவில் தண்ணீர் நின்றுபோன நாட்களில் லாரிக்கு முன்னால் வாளியோடு நின்றிருக்கிறேன். அப்படித் தூக்கி வந்த தண்ணீரில் ஒரு சொம்பு சிந்தினாலே மனசு அடித்துக்கொள்ளும். குழாயில் வரும்போது மட்டும் எப்படி அலட்சியமாக இருக்க முடியும்?

ஹார்ட்வேர் கடையில் கேட்டேன். இரண்டு பட்டன் டாய்லெட், புது ஷவர், எல்லாக் குழாய்களும் என்று நீளமாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் பாதிச் செலவு தருவதாகச் சொல்கிறார், ஆனாலும் இப்போதைக்கு எங்களால் ஒன்றுதான் முடியும். எதை முதலில் மாற்றலாம்? தண்ணீர் குறைவாக வரும் ஷவர் என்றால் தலையில் சோப்பு போகாது என்பது கணவரின் பயம். மாமியார் வாளி, மக் வைத்துத்தான் குளிப்பார், அவருக்கு ஷவரே வேண்டாம்.

கோமதி (ரைலண்ட்ஸ், கேப் டவுன்)

மலர், கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு கணக்கு. 24-லிருந்து 38 என்றால் மாதத்துக்கு 14,000 லிட்டர் கூடுதல். நாளைக்கு ஏறக்குறைய 466 லிட்டர். யாரும் திடீரென்று அவ்வளவு அதிகமாகக் குளித்துவிட மாட்டார்கள்மா. எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கை அடைக்காமல் எந்த ஷவரை வாங்கினாலும் பில் இறங்காது.

இன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மீட்டரைப் பாருங்கள். கறுப்பு எண்கள் கிலோலிட்டர், சிவப்பு எண்கள் லிட்டர். சிவப்பு எண்ணைக் குறித்து வைத்துவிட்டு, விடியும்வரை யாரும் குழாயைத் திறக்காமல் இருந்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் ஒழுக்கு இருப்பது உறுதி.

அப்புறம் டாய்லெட். அதன் ஒழுக்கு கண்ணுக்குத் தெரியாது, பீங்கானோடு ஒட்டிச் சத்தமில்லாமல் இறங்கும். வீட்டில் கேசரிப் பவுடர் இருக்கிறதா? ஒரு சிட்டிகை எடுத்து ஃப்ளஷ் டாங்கின் மூடியைத் திறந்து உள்ளே போடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கீழே கிண்ணத்தில் நிறம் இறங்கியிருந்தால் டாங்கின் அடி வால்வில் இருக்கிற ரப்பர் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். அதன் விலை ஒரு பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) அளவுகூட இருக்காது.

இதெல்லாம் கேப் டவுனில் கடும் வறட்சி இருந்த 2018-இல் கற்றுக்கொண்டேன். அந்த வருடம் தைப்பூசம் ஜனவரி 31. மறுநாள், பிப்ரவரி 1-ஆம் தேதி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்ற கட்டுப்பாடு நகரம் முழுக்க வந்தது. குளியல், சமையல், துணி, டாய்லெட் எல்லாம் அதற்குள். ஏப்ரல் 12 அன்று குழாய்கள் நின்றுவிடும், அதன் பிறகு வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். நல்லவேளை, அந்த நாள் தள்ளிக்கொண்டே போய் கடைசியில் வராமலே போனது. ஆனால் வரும் என்று நம்பித்தான் அந்த மாதங்களை ஓட்டினோம். நியூலண்ட்ஸ் ஊற்றில் ஐந்து லிட்டர் கேன்களோடு நான் நின்ற வரிசை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

அப்போது எங்கள் டாய்லெட் ஒரு தடவைக்கு 11 லிட்டர் குடிக்கும். ஒருவர் ஐந்து முறை ஃப்ளஷ் செய்தால் 55 லிட்டர், அவருடைய ஒரு நாள் பங்கு அதிலேயே தீர்ந்துவிடும். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று அப்பா பேசாமல் எழுந்துபோய்க் குளியலறையில் ஒரு பெரிய பேசின் வைத்தார். அதற்குள் நின்றுதான் குளிப்போம், அந்தத் தண்ணீர்தான் டாய்லெட்டுக்கு. என் வாளியில் மார்க்கரால் இரண்டிரண்டு லிட்டருக்கு ஒரு கோடு போட்டிருந்தேன். 2, 4, 6. கோடுகள் மங்கிவிட்டன, வாளி இன்னும் இருக்கிறது.

ஷவர் விஷயத்துக்கு வருகிறேன். பத்து லிட்டர் வாளியைக் கீழே வைத்து ஷவரை முழுதாகத் திறந்து, போனில் நேரம் பாருங்கள். எங்கள் பழைய ஷவரில் 38 விநாடியில் நிறைந்தது, அதாவது நிமிடத்துக்கு 16 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காற்றைக் கலந்து கொடுக்கிற ஷவரை மாற்றியதும் 75 விநாடி ஆனது, அதாவது 8 லிட்டர். உங்கள் வீட்டில் நான்கு பேர் ஆளுக்கு ஏழு நிமிடம் ஷவரில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 200 லிட்டருக்கு மேல் மிச்சம், அதில் நல்ல பங்கு கீசரில் சூடாக்க வேண்டிய தண்ணீர். கரண்ட் பில்லும் இறங்கும். என் முடி இடுப்புவரை நீளம், சீயக்காய் தேய்த்தாலும் நன்றாகவே போகிறது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆகவே என் வரிசை: ஒழுக்கு, ஷவர், கடைசியில் டாய்லெட். மாமியாரின் வாளியை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஒரு வாளி என்பது 15, 20 லிட்டர்தான். உங்கள் வீட்டில் மிகக் குறைந்த தண்ணீரில் குளிப்பவர் அவர்தான்.

செல்வம் (சாட்ஸ்வொர்த்)

கோமதி அக்கா சொன்ன வரிசை சரி. அடுக்குமாடி வீடுகளில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன், புகார் வந்தால் நானும் முதலில் டாய்லெட் டாங்கைத்தான் திறப்பேன். இன்னும் சில விஷயங்கள் சேர்க்கிறேன்.

கீசரிலிருந்து வெளிச்சுவர்ப் பக்கம் ஒரு பைப் வந்திருக்கும், அதைப் பாருங்கள். தண்ணீர் சூடாகும்போது கொஞ்சம் சொட்டுவது சகஜம். நாள் முழுக்க நூல் மாதிரி ஓடினால் வால்வு கெட்டிருக்கலாம், அல்லது பிரஷர் கூடுதலாக இருக்கலாம். கீசரில் நீங்களே கை வைக்காதீர்கள், பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

இரண்டு பட்டன் விஷயத்தில் கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று உண்டு. பழைய கிண்ணம் 9 லிட்டர், 11 லிட்டர் தண்ணீரில் கழுவுகிற மாதிரிச் செய்தது. கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு டாங்கை மட்டும் 3, 6 லிட்டருக்கு மாற்றினால் ஒரு தடவையில் போகாது, மறுபடி அழுத்துவீர்கள். அப்புறம் மிச்சம் எங்கே? மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். அதுவரை டாங்குக்குள் ஒரு லிட்டர் பாட்டிலில் மணலும் தண்ணீரும் நிரப்பி, இறுக மூடி ஓரமாக நிறுத்துங்கள். மிதவையிலும் வால்விலும் படக் கூடாது. செங்கல் வேண்டவே வேண்டாம். அது கரைந்து, அந்தப் பொடி ரப்பரில் உட்கார்ந்து புது ஒழுக்கை உண்டாக்கும், நானே பல டாங்குகளில் அள்ளியிருக்கிறேன்.

சமையலறைக் குழாயின் முனையில் திருகுகிற சின்னச் சல்லடை, ஏரேட்டர், மலிவான பொருள். நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். நம் ஊரில் தண்ணீர் நின்று திரும்பி வரும்போது மண்ணும் துருவும் சேர்ந்தே வரும். அப்போது முதலில் வெளியே தோட்டக் குழாயைத் திறந்து, கலங்கலை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பிறகு உள்ளே திறங்கள். இல்லாவிட்டால் சல்லடையும் ஷவரும் அடைத்துக்கொள்ளும், பொருள் மட்டம் என்று நினைத்துக் கழற்றி எறிந்துவிடுவீர்கள். அடைத்தால் ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டால் போதும்.

மலர்

கோமதி அக்கா, செல்வம் அண்ணா, இரண்டு பேருக்கும் கும்பிடு.

கேசரிப் பவுடர் போட்டு பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கிண்ணத்தின் பின்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று இறங்கியது. சின்னவள்தான் முதலில் பார்த்துக் கத்தினாள். மாமியார் ரொம்ப நாளாகவே, ராத்திரியில் சுவருக்குள் யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரிக் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கம் வராததால் அப்படித் தோன்றுகிறது என்று நாங்கள் விட்டுவிட்டோம். டாங்க் தானாகக் காலியாகி, தானாக நிறைகிற சத்தம் அது. அவரிடம் போய் நீங்கள் சொன்னதுதான் சரி அத்தை என்றேன். பழைய வாஷரைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஓரமெல்லாம் வெடித்து, தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டியது.

புது வாஷரைக் கணவரே போட்டார். நேற்று இரவு பத்தரைக்கும் இன்று காலை ஐந்தரைக்கும் மீட்டர் பார்த்தேன், சிவப்பு எண் அப்படியே நிற்கிறது. கீசர் பைப்பில் சொட்டு இல்லை.

ஷவரில் பத்து லிட்டர் வாளி 34 விநாடியில் நிறைந்துவிட்டது, உங்களுடையதைவிட மோசம் அக்கா. சனிக்கிழமை ஷவரும் இரண்டு ஏரேட்டரும் வாங்கப் போகிறோம். அடுத்த பில் வந்ததும் எண்ணை இங்கே போடுகிறேன்.